டூல்ஸ் பெட்டி வாங்கப் போகிறேன்: ஆழமான டிராயரா, மெலிசான டிராயரா?

புதுச்சாவி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பத்து வருடமாகச் சேர்ந்த டூல்ஸ் என் கராஜில் இரண்டு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு பெயின்ட் வாளி, ஜன்னல் திண்டு என்று கிடைத்த இடத்திலெல்லாம் கிடக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை பைக் செயினை இறுக்க உட்கார்ந்தேன். வேலை இருபது நிமிடம்தான். 17 நம்பர் ரிங் ஸ்பேனரைத் தேடியதுதான் முக்கால் மணி நேரம். கடைசியில் வாளியின் அடியில், காய்ந்துபோன கிரீஸ் டப்பாவோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. வெறுத்துப்போய், சக்கரமும் டிராயரும் உள்ள பெரிய இரும்புப் பெட்டியாகவே வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு மாடல் மனதில் இருக்கின்றன. வெளி அளவு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவதில் ஐந்து டிராயர், அதில் மூன்று நல்ல ஆழம். இரண்டாவதில் ஒன்பது டிராயர். ஏழு ரொம்ப மெலிசு, உள்ளே ஐந்து சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும், கீழே இரண்டு மட்டும் ஆழம். எனக்கு முதலாவதில்தான் நிறையக் கொள்ளும் என்று படுகிறது. பைக் வேலை, காரில் ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் போடுவது, வீட்டு வயரிங், கொஞ்சம் மரவேலை, இவ்வளவுதான் என் அளவு. எதை எடுக்கலாம்?

---

கிரீஸ் கை எழுதியது:

இரண்டாவது. யோசிக்கவே வேண்டாம்.

வாளியைச் சதுரமாக்கி ஒரு கைப்பிடி வைத்தால் அதுதான் ஆழமான டிராயர். நிறையக் கொள்ளும், உண்மைதான். உங்கள் பெயின்ட் வாளியும் நிறையத்தான் கொண்டது. மேலே இருப்பதை எடுத்து வெளியே வைத்தால்தான் கீழே இருப்பது தெரியும் என்றால், அதற்கு எதற்கு இத்தனை காசு?

என் கணக்கு ஒன்றே ஒன்றுதான். ஒரு டிராயரில் ஒரு அடுக்கு. எதன் மேலும் எதுவும் கிடக்கக் கூடாது. ஸ்பேனர், பிளையர், திருப்புளி, ஆலன் கீ, ராட்செட் எல்லாமே படுக்க வைத்தால் நாலு சென்டிமீட்டருக்குள் அடங்கும். அரை இஞ்சு டிரைவ் (கைப்பிடி செருகும் சதுரத் துளை அரை இஞ்சு) சாக்கெட்டில் குட்டை ரகம் நிற்கவே செய்யும். நீள ரகம் எட்டு சென்டிமீட்டர் பக்கம் வரும், அதைப் படுக்கப் போடுங்கள். டிராயரைத் திறந்தால் ஒரு பார்வையில் எல்லாம் தெரியணும்.

---

மரத்தூள் எழுதியது:

கிரீஸ் கை சொல்வது மெக்கானிக் பார்வை. டிரில் மெஷின், வட்ட ரம்பம், இழைப்புளி இதெல்லாம் நாலு சென்டிமீட்டரில் எங்கே அடங்கும்? எனக்கு மூன்று ஆழமான டிராயர் இல்லாமல் ஓடாது.

அடுக்கே கூடாது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். ஹென்றி ஸ்டட்லி என்று அமெரிக்காவில் பியானோ செய்யும் தொழிலாளி ஒருவர் இருந்தார். சுவரில் தொங்கும் மரப்பெட்டி ஒன்றில் சுமார் 300 டூல்ஸ் வைத்திருந்தார். மூடினால் ஒரு மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலம், அவ்வளவுதான். உள்ளே மடிப்புப் பலகைகள். ஒன்றைத் திறந்தால் பின்னால் இன்னொன்று, ஒவ்வொரு கருவிக்கும் அதன் உடம்புக்கு ஏற்பச் செதுக்கிய குழி. அதில் அடுக்கு இருக்கிறது, ஆனால் குழப்பம் இல்லை.

---

கிரீஸ் கை எழுதியது:

அந்த மனிதர் வருடக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கினார் அண்ணா. நம்ம தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் இருக்கிறது.

பவர் டூல்ஸ் விஷயத்தில் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றை டிராயரில் வைப்பதே வீண். மேலே சுவரில் ஒரு தட்டு அடித்து அதில் வைக்கலாம். டிராயர் இடம் சின்னச் சாமான்களுக்கு.

---

ஸ்பேனர் அக்கா எழுதியது:

இரண்டு பேரும் சண்டை போடுவதற்கு முன்னால், புதுச்சாவி தம்பிக்கு ஒரு வேலை தருகிறேன். பெட்டியை அப்புறம் வாங்கலாம்.

தரையில் பழைய போர்வை ஒன்றை விரியுங்கள். வீட்டில் உள்ள எல்லா டூல்ஸையும், எல்லாவற்றையும், அதன் மேல் கொட்டுங்கள். இனம் இனமாகப் பிரியுங்கள். இரட்டையாக இருப்பதில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைத் தனியே ஒதுக்குங்கள். அப்புறம் வாங்க நினைக்கும் பெட்டியின் டிராயர் உள் அளவு என்னவோ, அதே நீள அகலத்தில் தரையில் டேப் ஒட்டிக் கட்டம் போடுங்கள். வெளி அளவை வைத்துப் போடாதீர்கள்; இரண்டு பக்கமும் சேனல், அதாவது டிராயர் ஓடும் தண்டவாளம், இடம் தின்னும், அறுபத்தாறு சென்டிமீட்டர் பெட்டியில் டிராயர் உள்ளே அறுபதுகூடத் தேறாது. ஒவ்வொரு இனத்தையும் ஒரு கட்டத்துக்குள் ஒரே அடுக்காகப் பரப்பிப் பாருங்கள். எத்தனை கட்டம் நிறைகிறதோ அத்தனை டிராயர், கூடவே காலியாக இரண்டு. நான் காலி டிராயர் இல்லாமல் வாங்கி, ஒரே வருடத்தில் மறுபடி ஜன்னல் திண்டுக்கு வந்தேன்.

இன்னொன்று, இடம். பெட்டி ஆழம் 46 சென்டிமீட்டர் என்றால், டிராயர் முழுக்க வெளியே வரும்போது இன்னொரு 46. நீங்கள் நிற்க 60. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வேண்டும். கார் உள்ளே நிற்கும்போது அந்த ஒன்றரை மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

---

ஓரமாக ஒருவன் எழுதியது:

எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தால் வீட்டில் இருப்பவர்கள் "இத்தனை வாங்கியிருக்கிறாயா" என்று கேட்பார்களே அக்கா. அதற்கு ஏதாவது டிராயர் உண்டா?

---

புதுச்சாவி எழுதியது:

கொட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

கட்டிங் பிளையர் நாலு. ஒவ்வொரு முறையும் பழையது கிடைக்காமல் புதிது வாங்கியிருக்கிறேன். டெஸ்டர் ஆறு, அதில் எரிவது இரண்டு. 12-13 ரிங் ஸ்பேனர் மூன்று. 10 நம்பர் சாக்கெட் ஒன்றுகூட இல்லை. இரண்டு செட் இருக்கிறது, இரண்டிலும் அந்தக் குழி காலி.

கட்டம் போட்டதில் மெலிசான டிராயர் ஐந்து நிறைந்தது. இறுகிய போல்ட்டைக் கழற்றும் நீளக் கைப்பிடி, அரை இஞ்சு பிரேக்கர் பார் மட்டும் 60 சென்டிமீட்டர், நேராகப் படுக்கவில்லை. மூலைக்கு மூலை வைத்தால் அடங்குகிறது. ஆழமாகத் தேவைப்பட்டது டிரில், சுத்தியல்கள், பைப் ரெஞ்ச், கிரீஸ் கன். அதற்கு ஒன்றரை டிராயர் போதும். மரத்தூள் அண்ணா மன்னிக்கணும், ஒன்பது டிராயர்தான் எனக்கு.

---

பத்தாம் நம்பர் எழுதியது:

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால் வந்தேன். 10 நம்பர் காணாமல் போவதில் மர்மம் ஏதும் இல்லை. எம்6 போல்ட்டின், அதாவது 6 மில்லிமீட்டர் மரை உள்ள போல்ட்டின், தலை 10 மில்லிமீட்டர். பைக்கிலும் காரிலும் கவர், பிராக்கெட், பேட்டரி முனை என்று தொட்ட இடமெல்லாம் எம்6 தான். அதிகம் வெளியே போவது அதிகம் தொலையும். நான் மூன்று வைத்திருக்கிறேன்.

செட்டோடு வரும் பிளாஸ்டிக் பெட்டியை டிராயருக்குள் அப்படியே வைக்காதீர்கள். அதில் பாதி இடம் வெறும் பிளாஸ்டிக். சாக்கெட்டை வெளியே எடுத்து ரெயிலில் வரிசையாகக் குத்துங்கள். அடிக்கடி எடுப்பதை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். ஜப்பான் வண்டி என்றால் 8, 10, 12, 14, 17. ஐரோப்பிய வண்டி என்றால் 12, 14 இடத்தில் 13, 16 வரும். அதே எம்8 போல்ட்தான். ஜப்பான் அளவில் தலை 12, ஐரோப்பாவில் 13. 9, 11, 15, 18 எல்லாம் பின்வரிசையில் இருந்தால் போதும்.

ஜப்பான் பைக் வைத்திருந்தால் இன்னொன்று. அதன் கார்புரேட்டர், மாஸ்டர் சிலிண்டர் மூடிகளில் இருக்கும் ஸ்டார் ஸ்குரு பிலிப்ஸ் இல்லை, ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவு. பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். பிலிப்ஸ் திருப்புளி போட்டு அழுத்தினால் வழுக்கி மேலே வந்து தலையை வழித்துவிடும். ஜேஐஎஸ் திருப்புளிகளுக்குப் பிடியில் சிவப்பு டேப் சுற்றித் தனியே வைத்திருக்கிறேன்.

---

கிரீஸ் கை எழுதியது:

சரி, கடைக்குப் போகும்போது என்ன பார்க்கணும் என்று சொல்கிறேன். பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள்.

முதலில் சேனல். பால்பேரிங் சேனலா, வெறும் தகரம் தகரத்தின் மேல் உரசுகிற ரகமா? ஒரு டிராயரை முழுக்க வெளியே இழுத்து, முன் விளிம்பில் கையை ஊன்றி அழுத்துங்கள். கொஞ்சம் இறங்கும், அது சகஜம். பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். டிராயர் கடைசிவரை வெளியே வருகிறதா, முக்காலோடு நிற்கிறதா என்றும் பாருங்கள். முக்காலோடு நின்றால் பின்பக்கக் கால்வாசி இருட்டறைதான். அங்கே போனது திரும்பி வராது. ஒரு டிராயருக்கு 45 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் வீட்டுக்கு ஏராளம். ஸ்பேனர் டிராயர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தால்தான் இரும்பு எவ்வளவு கனம் என்று தெரியும்.

அப்புறம் தகரம். கேஜ் நம்பர் ஏற ஏறத் தகரம் மெலிசு, பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9 மில்லிமீட்டர். உடம்பு 18 அல்லது 20 என்றால் நல்லது. நம்பர் எழுதியிருக்காவிட்டால் பெட்டியின் பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டுங்கள். எண்ணெய் டின் மாதிரி டமடம என்றால் புரிந்துகொள்ளலாம்.

சக்கரம் 5 இஞ்சு இருந்தால் தரையின் விரிசலிலும் வாசல்படிச் சரிவிலும் ஏறும். சின்னச் சக்கரம் ஒரு கூழாங்கல்லில் மாட்டி நின்றுவிடும், நீங்கள் தள்ளுகிற வேகத்தில் பெட்டி சாயும். சுழல்கிற இரண்டு சக்கரமும் கைப்பிடிப் பக்கம் இருக்கணும். அவற்றில் பிரேக்கும் இருக்கணும்.

பூட்டு திருடனுக்காக இல்லை, குழந்தைகளுக்காக. ஒரு சாவியில் எல்லா டிராயரும் பூட்டும். தள்ளும்போது டிராயர் தானாகத் திறக்காமல் இருக்கவும் அது உதவும். சாவியில் பொறித்திருக்கும் எண்ணை வாங்கிய அன்றே எங்காவது குறித்து வையுங்கள்.

---

மரத்தூள் எழுதியது:

என் பேச்சைக் கேட்காவிட்டாலும் ஃபோம் விஷயத்தையாவது கேளுங்கள். டிராயரில் ஃபோம் விரித்து ஒவ்வொரு டூலுக்கும் குழி வெட்டினால் எது இல்லை என்பது பார்த்த உடனே தெரியும்.

அடுக்கடுக்காக ஒட்டிய பாலிதீன் ஃபோம் கிடைக்கும். டூலை அதன் மேல் வைத்து, மெல்லிய முனைப் பேனாவால் சுற்றி வரையுங்கள். கட்டர் பிளேடை வேண்டிய ஆழத்துக்கு மட்டும் நீட்டி, செங்குத்தாகப் பிடித்து வெட்டுங்கள். சாய்ந்தால் குழி அடியில் குறுகி டூல் மேலே நிற்கும். அப்புறம் விரலால் அடுக்கு அடுக்காகக் கிள்ளி எடுத்துவிடலாம். பக்கத்தில் விரல் போக ஒரு அரைவட்டம் வெட்ட மறக்காதீர்கள். மறந்தால் ஸ்பேனரை எடுக்க ஒரு திருப்புளி தேவைப்படும், அந்தத் திருப்புளியை எடுக்க இன்னொன்று. அடியில் மஞ்சளோ சிவப்போ வேறு நிறத் தாள் கொடுத்தால் காலியான குழி கண்ணைக் குத்தும்.

---

கிரீஸ் கை எழுதியது:

அழகுதான். ஆனால் உடனே வெட்டாதீர்கள். நான் வாங்கிய வாரமே நாலு டிராயருக்கு வெட்டினேன். மூன்றாம் மாதம் ராட்செட் ஸ்பேனர் செட் ஒன்று வந்தது. இடம் இல்லை. மறுபடி முழு ஷீட் வாங்கி வெட்டினேன். ஃபோம் இடத்தையும் தின்னும். பக்கத்தில் பக்கமாகப் போட்டால் இருபது ஸ்பேனர் அடங்கும் டிராயரில் குழி வெட்டினால் பன்னிரண்டுதான்.

மூன்று மாதம் வெறும் ரப்பர் ஷீட் மேல் போட்டுப் புழங்குங்கள். எது எந்த டிராயருக்குத் தானாகப் போகிறது என்று கை சொல்லிவிடும். அப்புறம் வெட்டலாம். அதுவும் விலை கூடிய அளவுக் கருவிகள், சாக்கெட், இவற்றுக்கு மட்டும்.

---

ஸ்பேனர் அக்கா எழுதியது:

இதில் நான் கிரீஸ் கை பக்கம்.

எதை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி இனவாரியாக, பிளையர் எல்லாம் ஒரு டிராயர், திருப்புளி எல்லாம் ஒரு டிராயர். இன்னொரு கட்சி வேலைவாரியாக, பிரேக் வேலைக்கு ஒரு டிராயர், வயரிங்குக்கு ஒரு டிராயர். வேலைவாரி கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 12 நம்பர் ஸ்பேனர் எல்லா வேலைக்கும் வேண்டுமே, எந்த டிராயரில் போடுவீர்கள்? அப்படித்தான் மூன்று 12-13 சேர்ந்தது உங்களிடம். இனவாரியாக வையுங்கள். வயரிங் மட்டும் விதிவிலக்கு. டெஸ்டர், மல்டிமீட்டர், வயர் ஸ்ட்ரிப்பர், இன்சுலேஷன் டேப் எல்லாம் ஒன்றாக ஒரு தட்டில் இருந்தால், அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடலாம்.

இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வரும் டிராயர்கள்தான் தங்கம். அங்கே தினசரி சாமான். கீழே கனமானது. அரங்களை ஒன்றோடு ஒன்று உரச விடாதீர்கள், பல் மழுங்கும். கிளிக் டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சொல்லும் ரெஞ்ச்) இருந்தால் வேலை முடிந்ததும் ஸ்கேலின் குறைந்தபட்ச அளவுக்குத் தளர்த்தி, அதன் பெட்டியோடு வையுங்கள். அதற்கும் கீழே தளர்த்த வேண்டாம்.

துரு பற்றி யாரும் சொல்லவில்லை. காற்றில் ஈரம் ஏறும்போது குளிர்ந்த இரும்பின் மேல் நீர் படியும். பூட்டிய டிராயருக்குள்ளும் படியும். டிராயருக்கு ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள், அவ்வப்போது சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள். துடைக்கும் துணியில் ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் இருக்கட்டும். ஈரக் கையோடு எடுத்த ஸ்பேனரை அப்படியே உள்ளே போடுவதுதான் பாதித் துருவுக்குக் காரணம்.

---

புதுச்சாவி எழுதியது:

பெட்டி வந்துவிட்டது! ஒன்பது டிராயர், பால்பேரிங், முழுக்க வெளியே வருகிறது.

வந்த அன்றே ஒரு கண்டம். ஆசையில் மேலிருந்து நிரப்ப ஆரம்பித்தேன். ஸ்பேனர் டிராயர், சாக்கெட் டிராயர், பிளையர் டிராயர் மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கீழே எல்லாம் காலி. பின் சக்கரம் தரையை விட்டு எழும்புவது காலில் தெரிந்தது. மூன்றாவது டிராயரை முழங்காலால் உள்ளே தள்ளி, பெட்டியைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றேன். ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, மெதுவாக மற்ற இரண்டையும் மூடினேன். கை நடுக்கம் நிற்க நேரம் ஆனது.

---

கிரீஸ் கை எழுதியது:

நல்லவேளை. என் தப்பு, முதலிலேயே சொல்லியிருக்கணும். கீழிருந்து நிரப்பணும். ஒரு நேரத்தில் ஒரு டிராயர்தான் திறக்கணும். விலை கூடிய பெட்டிகளில் ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காதபடி பூட்டே இருக்கும், நம்முடையதில் இல்லை. குழந்தைகள் இருந்தால் எப்போதும் பூட்டியே வையுங்கள். கீழ் டிராயரை ஏணி மாதிரி மிதித்து ஏறப் பார்க்கும் வயசு ஒன்று உண்டு. வேலை இல்லாதபோது பிரேக்கும் போட்டிருக்கட்டும்.

---

புதுச்சாவி எழுதியது:

மூன்று வாரம் நன்றாக ஓடியது. இன்று ஐந்தாவது டிராயர் திறக்கவில்லை. இரண்டு விரல் அகலம் வந்து டக்கென்று நிற்கிறது. உள்ளே ஏதோ மாட்டுகிறது. பூட்டு இல்லை, மற்றவை திறக்கின்றன. பலமாக இழுக்கட்டுமா?

---

பத்தாம் நம்பர் எழுதியது:

இழுக்காதீர்கள், சேனல் வளையும். அதற்கு மேலே உள்ள நாலாவது டிராயரைக் காலி செய்து, முழுக்க வெளியே இழுங்கள். இரண்டு பக்கச் சேனலிலும் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் நெம்பு தெரியும். ஒரு பக்கத்தை மேலே தூக்கணும், மறுபக்கத்தைக் கீழே அழுத்தணும். ஒரே உருப்படியைத்தான் ஒரு பக்கம் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், அதனால்தான் அப்படி. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு இழுத்தால் டிராயர் கையோடு வந்துவிடும். அந்த வழியாகக் கையை விட்டு, எழும்பி நிற்பதைப் படுக்க வையுங்கள். திரும்பப் போடும்போது பேரிங் தட்டை முன்னால் இழுத்து வைத்துவிட்டு நேராகச் செருகுங்கள். கோணலாகப் போனால் குண்டுகள் உதிரும்.

---

புதுச்சாவி எழுதியது:

வந்துவிட்டது. வயர் ஸ்ட்ரிப்பர். கைப்பிடி கொக்கியைப் போடாமல் வைத்திருக்கிறேன், ஸ்பிரிங் விரிந்து ஒரு கை மேலே நாலாவது டிராயரின் அடியில் முட்டிக்கொண்டு நின்றது. அக்கா சொன்ன வயரிங் தட்டை அடியிலிருந்து இரண்டாவது டிராயருக்கு மாற்றிவிட்டேன், அங்கே உயரம் இருக்கிறது. ஐந்தாவது இப்போது காலி.

---

ஸ்பேனர் அக்கா எழுதியது:

காலியாகவே இருக்கட்டும். அது சரி, சாவி எண்ணைக் குறித்து வைத்தீர்களா? இரண்டு சாவியும் எங்கே?

---

புதுச்சாவி எழுதியது:

எண் குறிக்கவில்லை அக்கா. சாவி இரண்டும் பத்திரமாக மேல் டிராயரில்...

ஒரு நிமிடம், எடுத்துவிட்டு வருகிறேன்.